கண்ணுக்கு ஒரு கதை, காதுக்கு ஒரு கதை

"புத்தகம் படிக்கவா? அதுக்கெல்லாம் எங்கேம்மா நேரம்?"

இப்படிச் சொல்லாத இல்லத்தரசி உண்டா? நானும் பத்து வருஷம் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். காலையில் பால் காய்ச்ச எழுந்தால் ராத்திரி அடுப்படியைத் துடைத்துவிட்டுப் படுக்கும்வரை வேலை. நடுவில் இரண்டு பிள்ளைகளின் பள்ளிக்கூடம், பாடம், காய்ச்சல், சளி. கல்யாணத்துக்கு முன்னால் கிளை நூலகத்தில் வாரத்துக்கு இரண்டு புத்தகம் எடுத்தவள் நான். பிறகு மளிகைச் சாமான் கட்டி வரும் காகிதத்தைப் பிரித்துப் படிப்பதோடு சரி!

எங்கள் ஊர் மரக்காணம். புதுச்சேரியிலிருந்து சென்னைக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனவர்கள் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். சாலையோரத்தில் கண்ணாடித் துண்டுகளைப் பரப்பினாற்போலப் பாத்தி பாத்தியாக உப்பளம், நடுநடுவே வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல். தை, மாசியில் பாத்தி கட்டினால் புரட்டாசிவரை உப்பு வாரலாம். ஐப்பசி மழை இறங்கியதும் அளம் முழுக்கத் தண்ணீர். அப்புறம் மூன்று மாதம் ஊரில் பாதிப் பேருக்கு வேலை இல்லை. சில வருஷங்களாக அரசாங்கம் மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் கொடுத்து வருகிறது. அதை வைத்துக்கொண்டு தை பிறக்கும்வரை ஓட்ட வேண்டும்.

அந்த மழை மாதங்களில்தான் நான் மறுபடி படிக்க ஆரம்பித்தேன். சிலவற்றைக் கண்ணால் படித்தேன், சிலவற்றைக் காதால் கேட்டேன். ஒரே ஒரு புத்தகத்தை மட்டும் வாயால் படித்தேன். அது ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். நான் பண்டிதை இல்லை. விமரிசனம் எழுதத் தெரியாது. பக்கத்து வீட்டில் வைத்த குழம்பை ருசி பார்த்துச் சொல்வது மாதிரி, எனக்குப் பட்டதைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

பாத்திரம் தேய்த்துக்கொண்டே சோழ நாட்டுக்கு

முதலில் காதுக்கு வந்த கதை. என் நாத்தனார்தான் செல்போனில் போட்டுக் கொடுத்தாள். "அண்ணி, கை வேலை செய்யட்டும், காது சும்மாதானே இருக்கு?" என்றாள். அவள் போட்டது கல்கியின் 'பொன்னியின் செல்வன்'. 1950-ல் தொடங்கி மூன்றரை வருஷம் பத்திரிகையில் தொடராக வந்த கதை. ஐந்து பாகம்! கல்யாணத்துக்கு முன்னால் இரண்டாம் பாகத்தோடு விட்டுவிட்டேன். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாகிவிட்டதால் இப்போது யார் யாரோ வாசித்து ஒலிப்புத்தகமாகப் போட்டிருக்கிறார்கள். பாம்பே கண்ணன் என்பவர் பல குரல்களை வைத்து நாடகம் போலவே கல்கியின் சரித்திர நாவல்களை ஒலிப்புத்தகமாகக் கொண்டுவந்திருக்கிறார்.

கேட்டதில் ஒரு உண்மை தெரிந்தது. கையில் புத்தகம் இருந்தபோது வருணனை வந்தால் நாலு பக்கம் தள்ளிவிடுவேன். 'யார் யாரைக் கொன்றது' என்பதிலேயே குறியாக இருப்பேன். காதில் கேட்கும்போது தள்ள முடியாதே, கையெல்லாம் சபீனா! அதனால் ஆடிப் பதினெட்டாம் நாள் வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வரும் காட்சியை முதல் தடவையாக முழுசாக 'பார்த்தேன்'. தொடராக வந்த கதை என்பதால் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு குக்கர் சோறு வேகிற நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. நடுவில் பால் பொங்கி ஓடிப் போனாலும், திரும்பி வரும்போது நூல் அறுபடவில்லை.

குறை இல்லாமலா? நந்தினியும் குந்தவையும் பேசும் இடங்களில் என்ன அழகு, என்ன சாமர்த்தியம்! ஆனால் இத்தனை பெண்களில் ஒருத்தியாவது அடுப்பு மூட்டினாளா, துணி துவைத்தாளா என்று எனக்குள் ஒரு கேள்வி. கோடிக்கரைப் படகுக்காரி பூங்குழலி ஒருத்திதான் உழைக்கிற கையோடு வருகிறாள். எனக்கு அவளைத்தான் பிடித்தது.

இன்னொரு அனுபவமும் சொல்ல வேண்டும். வேறொரு செயலியில் ஒரு கதை கேட்டேன். பேர் வேண்டாம். வாசிப்பது மனிதர் இல்லை, இயந்திரக் குரல். அழுகிற இடத்திலும் அதே குரல், சிரிக்கிற இடத்திலும் அதே குரல். 'அளம்' என்பதை 'அலம்' என்றது! எங்கள் ஊரில் பிறந்த குழந்தைகூட அப்படிச் சொல்லாது. பத்து நிமிஷத்தில் அணைத்துவிட்டேன். சகோதரிகளே, ஒலிப்புத்தகம் தேர்ந்தெடுக்கும்போது முதல் ஐந்து நிமிஷம் கேட்டுப் பாருங்கள். கதை பிடித்திருந்தால் மட்டும் போதாது, குரலும் பிடிக்க வேண்டும். பிடிக்காத குரலோடு இருபது மணி நேரம் குடித்தனம் நடத்த முடியாது!

காதுக்கு எட்டாத புத்தகங்கள்

சரி, எல்லாவற்றையும் கேட்டே முடித்துவிடலாமா? முடியாது. சில புத்தகங்களுக்குக் கண் வேண்டும், விரல் வேண்டும், முன் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

பிரபஞ்சனின் 'வானம் வசப்படும்' அப்படிப்பட்டது. 1995-ல் சாகித்திய அகாதமி விருது பெற்ற நாவல். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு இருக்கிறதே, அதை ஆதாரமாக வைத்து எழுதியது. துய்ப்ளே துரை, அவர் மனைவி, நவாபுகள், வியாபாரிகள் என்று ஏகப்பட்ட பேர். 'இவர் யார், போன அத்தியாயத்தில் வந்தவரா?' என்று நான் பத்துத் தடவையாவது பின்னால் புரட்டினேன். இதைக் காதில் கேட்டிருந்தால் தலை சுற்றியிருக்கும். 'மானுடம் வெல்லும்' என்ற முந்திய நாவலை முதலில் படித்துவிட்டு இதற்கு வந்தால் சுலபம் என்று நூலகத்தில் ஒரு அம்மா சொன்னார். எனக்கு யோசனை பிந்தி வந்தது.

ஆனால் ஒரு லாபம். எங்கள் ஊருக்கு வடக்கே கடப்பாக்கத்தில் கடலோரமாக ஆலம்பரைக் கோட்டை இடிந்து கிடக்கிறது. பஸ்ஸில் போகும்போதெல்லாம் 'ஏதோ பழைய சுவர்' என்று நினைத்திருந்தேன். 1750-ல் அந்தக் கோட்டை பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது, 1760-ல் ஆங்கிலேயர் பிடித்து இடித்துவிட்டார்கள். புத்தகம் படித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை புளியோதரை கட்டிக்கொண்டு பிள்ளைகளோடு போனோம். "அம்மா, இங்கேதான் துய்ப்ளே வந்தாரா?" என்று சின்னவன் கேட்டான். பத்து வருஷமாக அவனுக்குச் சொல்ல என்னிடம் ஒரு கதையும் இல்லாமல் இருந்தது. இப்போது இருக்கிறது.

அடுத்தது 'உப்பு வேலி'. இது கதை இல்லை, நிஜம். ராய் மாக்ஸம் என்ற ஆங்கிலேயர் எழுதியதை சிறில் அலெக்ஸ் தமிழில் தந்திருக்கிறார். லண்டனில் ஒரு பழைய புத்தகக் கடையில் வாங்கிய புத்தகத்தின் அடிக்குறிப்பில், இந்தியாவின் குறுக்கே உப்புக் கடத்தலைத் தடுக்க வெள்ளைக்காரர்கள் ஒரு முள்வேலி வளர்த்தார்கள் என்று அவர் பார்க்கிறார். செடியாலேயே ஆன வேலி! கிட்டத்தட்ட 12,000 பேர் அந்த எல்லையைக் காவல் காத்தார்களாம். 1879-ல் அதைக் கைவிட்டார்கள். மிச்சம் மீதி எங்காவது இருக்கிறதா என்று தேடி இவர் திரும்பத் திரும்ப இந்தியா வருகிறார்.

நடுவில் பழைய கணக்கு, வரி விவரமெல்லாம் கொஞ்சம் இழுக்கிறது. நான் ஒத்துக்கொள்கிறேன், இரண்டு மத்தியானம் புத்தகத்தை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கிவிட்டேன். ஆனால் உப்பு வாங்க முடியாமல் ஏழைகள் பட்ட பாட்டைப் படித்தபோது கை தானாக அடுப்படி உப்பு ஜாடிப் பக்கம் போயிற்று. நம் வீட்டுச் சாமான் பட்டியலில் எல்லாவற்றிலும் மலிவு உப்புதானே? 'ஒரு பாக்கெட் உப்பு' என்று கடைசியாகத்தான் எழுதுவோம். அதற்காக 1930-ல் காந்திஜி தண்டிக்கு நடந்தார். ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். வேதாரண்யத்தில் சிறை சென்றவர்களில் ருக்மிணி லட்சுமிபதி என்ற பெண்மணியும் ஒருவர். உப்பு சத்தியாக்கிரகத்துக்காகச் சிறை போன முதல் பெண் அவர்தான் என்கிறார்கள். பிற்பாடு சென்னை மாகாணத்தில் சுகாதார மந்திரியாகவும் இருந்தார். பள்ளியில் மனப்பாடம் செய்த பாடம்தான். உப்பளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கும்போதுதான் உறைத்தது.

வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' ஒரே நாளில் முடித்தேன். 1977-ல் வந்த சின்ன நாவல். லாஞ்சும் வல்லமும் மோதுகிற காலத்தில் பிலோமி என்ற மீனவப் பெண்ணின் கதை. அழுதுகொண்டே படித்தேன், ஆனால் யார் மேலும் கோபம் வரவில்லை. பச்சைக் குழந்தையோடு இருக்கிற தாய்மார்களுக்கு இதை முதலில் சொல்வேன். சின்னது, கனம் இல்லாதது, ஒரு கையால் பிடித்துக்கொண்டே படிக்கலாம்!

"நம்ம அளத்துக் கதை இருக்குதா கண்ணு?"

இப்போது அந்த வாயால் படித்த புத்தகம்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா முப்பது வருஷத்துக்கு மேல் உப்பளத்துக்குப் போனவர். சொந்தப் பெரியம்மா இல்லை, ஆனால் என் இரண்டு பிரசவத்துக்கும் கஷாயம் வைத்துக் கொடுத்தவர். நான் சமையல்கட்டில் பொன்னியின் செல்வன் போட்டால், தோட்டத்துக் கதவு வழியாக வந்து நிலைப்படியில் உட்கார்ந்துவிடுவார்.

"இன்னா கண்ணு, ரேடியோவா?"

"கதை பெரியம்மா. புத்தகத்தைப் படிச்சுச் சொல்றாங்க."

"அந்தப் படவுக்காரப் பொண்ணு வந்துச்சுன்னா என்னைக் கூப்புடு. ராணிங்க பேசறதெல்லாம் எனக்கு வோணாம்."

பார்த்தீர்களா, எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே ருசி! அவருக்கு எழுத்துத் தெரியாது. கையெழுத்துப் போடுகிற இடத்தில் கட்டைவிரலை நீட்டுவார். அதுவும் போக, இரண்டு வருஷமாகக் கண்ணில் புகை மூட்டம். எதிரே வருகிறவரைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்பார். "அளத்து வெயிலு, வயசு, என்ன பண்றது?" என்று விட்டுவிட்டார். அவருக்குக் கதை கேட்பது எனக்குப் போல் பொழுதுபோக்கு இல்லை. மழை மாதத்தில் வேலையும் இல்லாமல், பார்வையும் மங்கி, திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கிற மனுஷிக்கு அது ஒரு துணை.

ஒருநாள் கேட்டார்: "ராசா கதை, ராணி கதை எல்லாம் இருக்குது. நம்ம அளத்துக் கதை யாராச்சும் எழுதியிருக்காங்களா கண்ணு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வெட்கமாகக்கூட இருந்தது. நூலகத்தில் கேட்டேன். ஒரு பழைய புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார்கள். ராஜம் கிருஷ்ணன் எழுதிய 'கரிப்பு மணிகள்'. 1979-ல் வந்தது. தூத்துக்குடி உப்பளத்துத் தொழிலாளிகளின் கதை.

ராஜம் கிருஷ்ணனைப் பற்றி இரண்டு வார்த்தை. 1925-ல் முசிறியில் பிறந்தவர். பதினைந்து வயதில் கல்யாணம். நம்மைப் போலக் குடும்பம் நடத்திக்கொண்டே எழுதியவர். 1973-ல் 'வேருக்கு நீர்' நாவலுக்குச் சாகித்திய அகாதமி விருது. வீட்டில் உட்கார்ந்து கற்பனையில் எழுதுவது அவர் வழக்கம் இல்லை. எந்தத் தொழிலைப் பற்றி எழுதுகிறாரோ அந்த ஊருக்கே போய், அந்த ஜனங்களோடு பேசிப் பழகி, பிறகுதான் எழுதுவார். மீனவர்களைப் பற்றி 'அலைவாய்க் கரையில்' எழுதியதும் அப்படித்தான், உப்பளத்தை எழுதியதும் அப்படித்தான். 2009-ல் அவருடைய நூல்களை அரசு நாட்டுடைமை ஆக்கியது, அவர் உயிரோடு இருந்தபோதே. முதுமையில் ஆதரவில்லாமல் முதியோர் இல்லத்தில் இருக்க நேர்ந்தது. 2014-ல் காலமானார்.

அந்த நாவலுக்கு ஒலிப்புத்தகம் தேடிப் பார்த்தேன், என் கைக்கு அகப்படவில்லை. சரி, நாமே படித்தால் என்ன? ராத்திரி பிள்ளைகள் தூங்கினதும் அரை மணி நேரம் என்று ஆரம்பித்தேன். முதல் நாள் என் குரல் எனக்கே வேடிக்கையாக இருந்தது. தூத்துக்குடிப் பேச்சு வழக்கு நாவலில் நிறைய வருகிறது. நமக்குப் பழக்கமில்லாத பேச்சு. மனசுக்குள் படித்தால் தடுக்கும், வாய்விட்டுப் படித்தால் நாலு பக்கத்தில் நாக்கு பழகிவிடுகிறது. இது நானே கண்டுபிடித்த வைத்தியம்!

பொன்னாச்சி என்ற பெண், தம்பியையும் அழைத்துக்கொண்டு உப்பளத்து வேலைக்குப் போகிறாள். வெயில், உப்பு, கூலிக் கணக்கு, மேஸ்திரிகளின் அதிகாரம், பெண்பிள்ளைகளுக்கு அங்கே நேரும் அவமானம், சங்கம் சேரத் தவிக்கிற ஆண்கள்... இதுதான் கதை.

பெரியம்மா சும்மா கேட்கவில்லை. நடுநடுவே தீர்ப்புச் சொன்னார். "அவங்க ஊர்ல இப்டியா? நம்ம ஊர்ல வேற மாதிரி" என்பார். "இது சரி, இது ரொம்பச் சரி" என்பார். வெயிலும் உப்பும் உடம்பைத் தின்கிற இடம் வந்தால் தன் உள்ளங்காலைத் தடவிக்கொள்வார். "அந்தம்மா அளத்துல இறங்கி வேலை செஞ்சுதா? எப்டித் தெரிஞ்சுது?" என்று அடிக்கடி கேட்டார்.

ஒருநாள், பெண்களிடம் தப்பாக நடக்கிற ஒருவனைப் பற்றிய இடம் வந்தது. நான் படித்துக்கொண்டே போகிறேன். பெரியம்மாவிடமிருந்து சத்தமே இல்லை.

"நிறுத்து கண்ணு" என்றார். எழுந்து போய்விட்டார்.

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. எனக்குக் குற்ற உணர்ச்சி. வயசான மனுஷிக்கு நிம்மதியாக இருக்கட்டும் என்று ஆரம்பித்தது, பழைய புண்ணைக் கிளறிவிட்டோமே என்று. என் வீட்டுக்காரர்கூட, "உனக்கெதுக்கு இந்த வேலை? ஏதாவது சாமி கதை படிச்சிருக்கக் கூடாதா?" என்றார்.

மூன்றாம் நாள் ராத்திரி வந்தார். திண்ணையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"நான் யாராண்டயும் சொன்னதில்ல. என் புருஷனாண்டகூட. சொன்னா நம்மளத்தான் சொல்வாங்க. யாரோ ஒருத்தி அம்மாந்தூரத்துல இருந்து வந்து, கேட்டு, எழுதி வெச்சிருக்குது பாரு. அதுவே பெருசு. படி."

நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. படித்தேன். அன்று என் குரல் நடுங்கியது.

எழுத்துத் தெரியாத மனுஷிக்குப் புத்தகத்தால் என்ன பிரயோஜனம் என்று இனி யாராவது கேட்டால் எனக்குப் பதில் தெரியும். வள்ளுவர்கூடக் கல்விக்கு ஒரு அதிகாரம், கல்லாமைக்கு ஒரு அதிகாரம் எழுதிவிட்டு, உடனே 'கேள்வி' என்று மூன்றாவதாக ஒன்று வைத்தார். படிக்காதவராக இருந்தாலும் கேட்டுக்கொள்ளட்டும் என்கிறார் அதில். ஒலிப்புத்தகம் புதுசாக வந்த நாகரிகம் என்று நாம் நினைக்கிறோம். காது வழியாகப் படிப்பது நம் பழைய வழக்கம்தான். கூத்தும் கதாகாலட்சேபமும் வேறென்ன?

கண் விஷயம், கவனம்!

கதை பாதியில் இருக்கும்போதே பெரியம்மாவின் கண்ணைப் பற்றி நான் பிடிவாதம் பிடித்தேன். ஆபரேஷன் என்றாலே பயம் அவருக்கு. "இருக்கற வெளிச்சமும் பூட்டா?" என்பார். மழை மாதம், அளத்து வேலையும் இல்லை, இப்போது விட்டால் எப்போது என்று மகனோடு அரசு மருத்துவமனைக்கு அனுப்பி வைத்தோம். கண்புரைதான். தேசிய பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் 1976 முதலே நடந்துவருகிறது. அரசு மருத்துவமனையில் கண்புரை ஆபரேஷன் இலவசம், லென்ஸும் வைக்கிறார்கள்.

உப்பளம், வயல், கடல் என்று வெயிலில் உழைக்கிறவர்கள் வீட்டுப் பெண்களுக்கு ஒரு வார்த்தை. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்கள் கண்புரைக்கு ஒரு காரணம் என்கிறார்கள் மருத்துவர்கள். உப்பளத்தில் வெயில் மேலிருந்து மட்டுமா வருகிறது? வெள்ளைப் பாத்தியிலிருந்து கீழிருந்தும் அடிக்கிறது. தலையில் துண்டு மட்டும் போதாது. விளிம்புள்ள தொப்பியும் புற ஊதாக் கதிரைத் தடுக்கிற கறுப்புக் கண்ணாடியும் வேண்டும். பார்வை மங்கினால் 'வயசாச்சு' என்று விடாதீர்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது கண்ணைக் காட்டிவிட வேண்டும்.

கண்ணைச் சொல்லிவிட்டுக் காதை விடலாமா? காதுக்குள் செருகுகிற கருவியை வைத்துக்கொண்டு சத்தத்தைக் கூட்டாதீர்கள். வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் சத்தம். பெரியவர்களுக்கு அதுதான் எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளுக்கு 75 டெசிபல். டெசிபல் எப்படி அளப்பது என்கிறீர்களா? கொஞ்சம் தள்ளி நின்று ஒருவர் கூப்பிட்டால் உங்களுக்குக் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் சத்தம் அதிகம். நான் போனை அலமாரியில் வைத்து, காதில் எதுவும் மாட்டாமல்தான் கேட்கிறேன். குக்கர் விசிலும் குழந்தை அழுகையும் கேட்டாக வேண்டுமே! ரோட்டில் நடக்கும்போது கதை வேண்டவே வேண்டாம். கைக்குழந்தைக்கோ போனில் வருகிற குரலைவிட அம்மா குரல்தான் நல்லது. முகத்தைப் பார்த்துப் பேசப் பேசத்தான் பிள்ளைக்குப் பேச்சு வரும். இரண்டு வயசுப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு நீங்கள் படிக்கிற நாவலையே வாய்விட்டுப் படியுங்கள். அதற்கு அர்த்தமா முக்கியம்? உங்கள் குரல்தான்.

நேரம் எங்கே இருக்கிறது?

நான் எப்படி ஒப்பேற்றினேன் என்று கேட்டால்:

சம்பவம் நிறைந்த, நீளமான கதைகளைக் கேட்க வைத்துக்கொண்டேன். பாத்திரம் தேய்க்கிறது, துணி மடிக்கிறது, பூ கட்டுகிறது எல்லாம் கதை கேட்கிற வேலைகள்.

பேர்கள், வருஷங்கள், கணக்குகள் உள்ள புத்தகங்களை மத்தியானம் அரை மணி நேரம் கண்ணால் படித்தேன். ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் போதும். முந்நூறு பக்கம் ஒரு மாதத்தில் முடிந்துவிடும்!

மனசைத் தொடுகிற புத்தகத்தை யாருக்காவது வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். நேரம் இல்லாத நாளில் செல்போனிலேயே என் குரலைப் பதிவு செய்து பெரியம்மா வீட்டுப் பேரனிடம் கொடுத்துவிடுவேன். நாட்டுடைமையான நூல் என்பதால் அதில் உறுத்தல் இல்லை. இப்படிப்பட்ட பல நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் காசில்லாமல் படிக்கலாம்.

பிடிக்காத புத்தகத்தை ஐம்பது பக்கத்தில் நிறுத்திவிட்டேன். ஆரம்பித்துவிட்டோமே என்று முடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அது என்ன மிச்சமான சோறா, வீணாகிவிடுமே என்று தின்ன?

அடுத்த கதை

கட்டு அவிழ்த்த பத்தாம் நாள் பெரியம்மா வந்தார். "அந்தப் பொஸ்தகத்தைக் காட்டு" என்றார். கொடுத்தேன். எழுத்து அவருக்கு எப்போதும் போலத்தான். ஆனால் அட்டையைப் பார்த்தார், தடவினார், பக்கம் பக்கமாகப் புரட்டினார். "இம்மாம் எழுத்தா! இதுல எங்க இருக்குது அளம்?" என்றார். 'உப்பளம்' என்று இருந்த ஒரு வரியைக் காட்டினேன். விரலை அதன் மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"செல்போன்ல அந்தம்மா போட்டோ இருக்குதா?"

எடுத்துக் காட்டினேன். கண்ணாடி போட்ட, நரைத்த தலை அம்மாள். "நம்ம வூட்டு ஆயா மாதிரி இருக்குது!" என்று சிரித்தார்.

பிறகு கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "அழுவாச்சிக் கதை போதும் கண்ணு. தை பொறந்தா பையனுங்க பாத்தி கட்டப் பூடுவானுங்க. அதுக்குள்ள சிரிக்கிற கதை ஒண்ணு படி."

சிரிக்கிற கதைக்கு எங்கே போக? எங்களுக்குப் பக்கத்துப் புதுச்சேரியில் கடைசிவரை இருந்து 2021-ல் மறைந்த கி. ராஜநாராயணன் இருக்கிறாரே! அவருடைய 'கோபல்ல கிராமம்' எடுத்து வந்திருக்கிறேன். 1976-ல் வந்தது. 137 வயசுப் பூட்டி ஒருத்தி உட்கார்ந்துகொண்டு, தங்கள் ஜனங்கள் ஆந்திர தேசத்திலிருந்து இங்கே வந்து குடியேறின கதையைச் சொல்கிறாள். எழுத்தே பேச்சு மாதிரி இருக்கிறது. வாய்விட்டுப் படிக்கவென்றே எழுதினாற்போல. சிரிப்போடு கண்ணீரும் இருக்கிறது என்பதைப் பெரியம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

நேற்று முதல் அத்தியாயம் படித்தேன். பூட்டிக்கு 137 வயசு என்றதும் பெரியம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நூத்தி முப்பத்தேழா? அப்ப அதுக்குக் கண்ணு நல்லாத் தெரியுமா?"

நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் தூங்கின பிள்ளை எழுந்துவிட்டான். அவனையும் மடியில் போட்டுக்கொண்டு படித்தேன். இன்று ராத்திரி இரண்டாம் அத்தியாயம்.